ஆசிரியர் தினப் பேச்சு: மெழுகுவர்த்தி வேணாம், வேற என்ன சொல்லலாம்?

பனிமூட்டம்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஹட்டன் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஏஎல், அதாவது உயர்தரம், ரெண்டாம் வருசம், ஆர்ட்ஸ். ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு மாணவர் சார்பா பேசச் சொல்லி என் பேரைக் குடுத்துட்டாங்க, அஞ்சு நிமிசம். முந்தி பேசின அக்காமார் எழுதி வச்சிருந்த பேச்செல்லாம் வாங்கிப் பார்த்தேன், எல்லாத்துலயும் மெழுகுவர்த்தி இருக்கு, ஏணி இருக்கு, தோணி இருக்கு, கடைசியில சிற்பி வந்து கல்லு செதுக்குறாரு. எங்க சேர்மார் மிஸ்மார் முன்வரிசையில இருந்து இதைத்தான் வருசா வருசம் கேக்குறாங்க, பாவமா இருக்கு.

அவங்க எங்களுக்கு என்ன குடுத்தாங்கன்னு எழுத உக்காந்தா ரெண்டு பக்கம் வந்துடுச்சு. நாங்க அவங்களுக்கு என்ன குடுத்தோம்னு எழுதப் பார்த்தா ஒரு பேனையும் ஒரு கார்டும்தான் ஞாபகம் வருது. வீட்டுல அண்ணன்கிட்ட கேட்டா "அவங்க சம்பளத்துக்கு வேலை செய்றாங்க, நீ என்ன குடுக்கணும், மார்க்ஸ் எடுத்தா போதும்"னு சொல்றான். அது மட்டும் தானா? இங்க டீச்சர்மாரும் இருக்குறீங்க, படிச்சு முடிச்சு போனவங்களும் இருக்குறீங்க, உண்மையா சொல்லுங்க, ஒரு ஹைஸ்கூல்ல யாருக்கு என்ன கிடைக்குது, யாரு என்ன குடுக்குறாங்க? சும்மா புகழ்ந்து எழுத வேணாம், அது என்கிட்ட நிறைய இருக்கு.

கோணர்சீட்

தங்கச்சி, உங்க அண்ணன் சொன்னதுல பாதி சரி. எனக்கு ஸ்கூல் குடுத்தது ஒரு சேர்டிபிகேட், அதை வச்சு கெம்பஸ், கெம்பஸை வச்சு கொழும்புல ஒரு வேலை. கோவமா சொல்றதா நினைக்க வேணாம், கணக்கு அவ்வளவுதான்.

எனக்கு பயோ படிக்க ஆசை, ஆனா நம்ம ஸ்கூல் 1சி. 1சின்னா ஏஎல் இருக்கும், ஆனா ஆர்ட்ஸும் கொமர்ஸும் மட்டும், சயன்ஸ் வேணும்னா 1ஏபி ஸ்கூலுக்கு போகணும், நம்ம பக்கத்துல தமிழ்ல அது எத்தனை இருக்குன்னு உங்களுக்கே தெரியும். கண்டிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போயி போர்டிங்ல நின்னு படிக்க வீட்டுல வசதி இல்ல, அதனால ஆர்ட்ஸ். எங்க சயன்ஸ் மிஸ் ஓஎல் (சாதாரணதரம்) வரைக்கும் உயிரைக் குடுத்து படிப்பிச்சாங்க, எனக்கு ஏ வந்துச்சு, அந்த ஏயை வச்சு நானும் ஒண்ணும் பண்ணல, அவங்களும் ஒண்ணும் பண்ண முடியல. ஒரு டீச்சர் என்னதான் குடுத்தாலும் அதை வாங்கி வச்சுக்க இடம் வேணுமே, அதைப் பத்தி எந்த ஆசிரியர் தினத்துலயும் யாரும் பேசறதில்ல.

கெம்பஸுக்கு ஆள் எடுக்குறப்ப நம்ம நுவரெலியா, பதுளை எல்லாம் பின்தங்கிய மாவட்ட கோட்டாவுல வருது, அந்த 5 வீதத்துல பங்கு இருக்கு, மாவட்ட அடிப்படையில குடுக்குற 55 வீதம் வேற. அதனால பொடியங்க கொஞ்சம் பேராவது உள்ள போறாங்க. ஆனா மாவட்டத்துக்குன்னு வர்ற இடத்துல முக்கால்வாசி டவுன் ஸ்கூலுக்குத்தான் போகுதுன்னு எனக்கு ஒரு சந்தேகம், தப்பா இருந்தா சொல்லுங்க.

பழைய சோக்பீஸ்

மகள், நான் ரிட்டயர் ஆன வாத்தியார். கேள்வி நல்ல கேள்வி. ஆனா "ஸ்கூல் குடுத்தது சேர்டிபிகேட்"னு மேல உள்ள தம்பி சொன்னதுக்கு முதல்ல ஒரு பதில் சொல்லிட்டு வாறேன், கொஞ்சம் நீளமா போகும், வயசாயிடுச்சு பொறுத்துக்கங்க.

1945ல இலவசக் கல்வி வந்துச்சுன்னு பாடப்புத்தகத்துல கன்னங்கரா படத்தோட இருக்கும். தோட்டத்துக்கு அது வரல. தோட்டப் பள்ளிக்கூடம் தொரை கையில, தோட்ட நிர்வாகம் நடத்துறது, ஒரே அறை, ஒரே வாத்தியார், அஞ்சாம் வகுப்போட முடிஞ்சிடும், அந்த ஒரே வாத்தியாரே லயத்து ஆளுங்களுக்கு கடுதாசியும் எழுதிக் குடுப்பாரு, ஊருக்கு மணியோடரும் நிரப்புவாரு. 70கள்ல தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகுதான் பள்ளிக்கூடங்களையும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தாங்க. எடுத்த உடனே எல்லாம் மாறிடல, 80கள்ல சுவீடன் உதவியோட கட்டடம், டீச்சர் ட்ரெய்னிங் எல்லாம் வந்துச்சு, பிறகு ஜெர்மன் உதவியில பத்தனையில ஸ்ரீபாத கல்லூரி. அங்க நம்ம புள்ளைகளுக்கு எத்தனை இடம்ங்கிற சண்டை ஒரு பக்கம் ஓடிக்கிட்டே இருந்துச்சு, அது பெரிய கதை, இங்க வேணாம். நம்ம லயத்துப் புள்ளைங்க டீச்சரா திரும்பி வந்தது அதுக்குப் பிறகுதான் அதிகம்.

ஆனா அதுக்கெல்லாம் முந்தியே சில ஸ்கூல்ல வேற ஒண்ணு நடந்துச்சு. ஹட்டன் ஹைலண்ட்ஸ்ல இர. சிவலிங்கம் சேர் படிப்பிச்ச காலத்துல அங்க இருந்து வெளிய வந்தவங்களைப் பாருங்க, எழுத்தாளர், ஆசிரியர், சங்கத்துக்காரங்கன்னு ஒரு தலைமுறையே வந்துச்சு. அவரு குடுத்தது பாடம் மட்டும் இல்ல, நாமளும் பேசலாம் எழுதலாம்ங்கிற நினைப்பு. அதுக்கு கெம்பஸுக்கு எடுக்கப் பார்க்குற இஸட் ஸ்கோர் கிடையாது தம்பி.

இப்ப மகள் கேட்டதுக்கு வாறேன். புள்ளைங்க எனக்கு என்ன குடுத்தாங்க. நான் படிப்பிச்சது புவியியல். தரம் 10க்கு சமவுயரக் கோடு படிப்பிக்கணும், இடவிளக்கப் படத்துல வளைஞ்சு வளைஞ்சு போகுமே அந்தக் கோடு. எனக்கே ட்ரெய்னிங் கொலேஜ்ல அது சரியா விளங்கினது இல்ல, வரைவிலக்கணம் பாடமா இருந்துச்சு, அதைத்தான் போர்டுல எழுதினேன். பின்வாங்குல இருந்த ஒருத்தன், அப்பா தோட்டத்துல கான், அதாவது மழைத்தண்ணி வடியுற வாய்க்கால், வெட்டுற வேலை, எழும்பி சொன்னான், "சேர் இது கான் போற மாதிரி தானே, மலையில மேல கீழ ஏறாம ஒரே மட்டத்துல சுத்திப் போகணும், இல்லாட்டி தண்ணி ஓடி மண்ணு போயிடும், அப்பா ஏ மாதிரி ஒரு மரச்சட்டம் வச்சு பார்ப்பாரு"ன்னு. நான் வெண்கட்டியை வச்சுட்டு வகுப்பையே வெளிய கூட்டிட்டு போயிட்டேன், எதிர் மலையில தேயிலைக்கு நடுவுல கான் கானா தெரியுது, அதைப் பார்த்துக்கிட்டே படம் வரைஞ்சோம். கோடு நெருங்கி இருந்தா செங்குத்து, விலகி இருந்தா சாய்வு குறைவுன்னு நான் சொல்லவே தேவைப்படல. கான் கொஞ்சூண்டு சரிவு வச்சுத்தான் வெட்டுவாங்க, அப்பதான் தண்ணி மெதுவா வடியும், அதனால அது அச்சு அசல் சமவுயரக் கோடு இல்லன்னு அவனே திருத்தினான் வேற!

அதுக்குப் பிறகு ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்தப் பாடத்தை அப்படியேதான் செஞ்சேன். இன்ஸ்பெக்சனுக்கு வந்தவங்க என்னைப் பாராட்டிட்டு போனாங்க. இதை உங்க பேச்சுல போடலாம், நான் அனுமதி தாறேன்.

கோணர்சீட்

ஐயா, சேர்டிபிகேட் பத்தி சொன்னதை கொஞ்சம் வாபஸ் வாங்குறேன், முழுசா இல்ல.

வாடைக்காத்து

பிள்ளை, நான் யாழ்ப்பாணத்தாள். முதல் நியமனமே மலையகத்திலதான், கடிதத்தில அதிகஷ்டப் பிரதேசம் எண்டு போட்டிருந்தது, அம்மா அதை வாசிச்சிட்டு அழுதவா. முந்தின காலத்தில வடக்கால, மட்டக்களப்பால வந்த வாத்திமார் இஞ்ச கனபேர் படிப்பிச்சவை, அதுக்கு நன்றி சொல்லுற ஆக்கள் இருக்கினம், ஆனா நான் மற்றப் பக்கத்தையும் சொல்லுறன், ஏனெண்டா நீங்கள் உண்மை கேட்டனீங்கள்.

கன ரீச்சர்மார் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே பாக் கட்டிப்போட்டு பஸ்சுக்கு நிப்பினம். திங்கள் பின்னேரம்தான் திரும்பி வருவினம். ட்ரான்ஸ்பர் பேப்பர் எப்பவும் ஒண்டு சோனல் ஒபிசில கிடக்கும். அவையளையும் முழுக்கக் குற்றம் சொல்லேலாது, குவாட்டர்ஸ் இல்லை, தண்ணி இல்லை, சின்னப் பிள்ளையளை ஊரில விட்டிட்டு வந்தவை. ஆனா அந்த நேரத்தில வகுப்பு என்னவாகும்? நீங்களே யோசிச்சுப் பாருங்கோ, தரம் 6, 7க்கு ரிலீஃப் பீரியட், வராத ரீச்சருக்குப் பதிலா, ஆர் போறது? ஏஎல் பிள்ளையள். எங்கட பள்ளிக்கூடத்தில ஒரு தவணை முழுக்க தரம் 6 ஆங்கிலம் படிப்பிச்சது ஏஎல் படிக்கிற ஒரு பிள்ளைதான், ரெஜிஸ்டரில வேற ஆளின்ர பேர். அவளுக்கு ஒருத்தரும் சம்பளம் குடுக்கேல்ல, ஆசிரியர் தினத்துக்கு ஒரு பூ கூடக் குடுக்கேல்ல.

ஆனபடியா "நாங்க என்ன குடுத்தோம்" எண்டு கேக்கிறியள், எனக்கு சிரிப்பு வருது. பள்ளிக்கூடத்தை காலமை கூட்டுறது பிள்ளையள், கந்தோர் மேசையை துடைக்கிறது பிள்ளையள், சிரமதானம், வாணி விழாவுக்கு மேடை, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்துக்கு கோடு போடுறது, ரீச்சர்மாருக்கு தேத்தண்ணி. இதில சிலது நல்லது, சிலது பிள்ளையளிட்ட வாங்கக்கூடாத வேலை. எனக்கு இரண்டையும் ஒண்டாக் கலந்து "மாணவர் பண்பு" எண்டு சொல்லுறது பிடிக்காது.

எனக்கு கிடைச்சதும் இருக்கு, சொல்லாமல் விட்டா சரியில்லை. எனக்கு சிங்களம் ஒரு சொல்லும் வராது. டவுனில பாங்க், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாத்துக்கும் தரம் 11 பிள்ளையள்தான் எனக்கு மொழிபெயர்ப்பு. பிறகு ஒரு பிள்ளை இன்ரேவலில கொப்பி போட்டு எழுதித் தந்து என்னை வாசிக்க வைச்சுது, உச்சரிப்பு பிழைச்சா எனக்கே "திருப்பிச் சொல்லுங்க மிஸ்" எண்டு! அந்தப் பிள்ளைக்கு என்ர தமிழ்ப் பாடத்தில சீ தான் வந்தது. நல்ல ரீச்சராய் வந்திருக்கும், ஓஎல்லோட கொழும்பில கடையொண்டுக்கு வேலைக்குப் போட்டுது.

ரெண்டு புள்ள அப்பா

வணக்கம். நான் தோட்டத்து ஃபெக்டரியில வேல, சம்சாரம் கொழுந்து எடுக்குது. ரெண்டு புள்ள, மூத்தது இப்ப தரம் 11. எழுத்துப் பிழை இருந்தா மன்னிக்கணும், போன்ல எழுதுறன்.

எல்லாரும் டீச்சர், மாணவர்னு ரெண்டு பேரை மட்டும் சொல்றீங்க, மூணாவது ஆள் நாங்க இருக்கோம்ல. பேரண்ட்ஸ் மீட்டிங் வைப்பாங்க காலையில 9 மணிக்கு, போனா அன்னைக்கு பேர் (நாள் சம்பளம்) விழாது, கெஞ்சிக் கேட்டா அரைப்பேர் போடுவாங்க. மீட்டிங்ல சொல்லுவாங்க "பெற்றோர் அக்கறை இல்ல, பாதிப்பேர் வரல"ன்னு. வந்தவங்களைப் பார்த்துத்தான் இதைச் சொல்றாங்க, அது வேற கத. மீட்டிங்கை ஒரு ஞாயித்துக்கிழம வைங்கன்னு எத்தன தடவ சொல்லியாச்சு.

சீருடை துணி, புத்தகம் அரசாங்கம் குடுக்குது, அது உண்ம. மத்தது எல்லாம் நம்ம தலையில, பஸ் சீசன், கொப்பி, அபிவிருத்திச் சங்க காசு, டியூசன், பிறகு ஸ்போட்ஸ் மீட்டுக்கு ஹவுஸ் கலர்ல டீசேர்ட்டு. எங்க அண்ணன் மகன் 16 வயசோட நின்னு கொழும்புக்கு ஹாட்வெயார் கடைக்கு போனான், மாசம் மாசம் வீட்டுக்கு காசு வருது, டிவி வாங்கிட்டாங்க. எம்புள்ள படிக்கிறேன்னு இருக்கான். அவன் அந்த காச விட்டுட்டு ஸ்கூல்ல இருக்கான்ல, அவன் ஸ்கூலுக்கு குடுக்குறது அதுதான்னு எனக்கு படுது. பக்கத்து லயத்துல பயலுக ஃபோன், சப்பாத்துன்னு வாங்குறப்ப அவனும் பார்க்குறான் தானே.

டீச்சர்மாரை கொற சொல்லல. 2021ல ஸ்கூல் மூடி ஒன்லைன்ல படிப்பிச்ச நேரம் எங்க வீட்டுல ஒரே போன், சிக்னல் புடிக்க மேல் பிரிவுல தண்ணி டேங்கிக்கிட்ட போகணும், ரெண்டு புள்ளைக்கும் ஒரே நேரம் கிளாஸ். அப்ப ஒரு சேர் நோட்ஸை போட்டோகொப்பி அடிச்சு மோட்டார் சைக்கிள்ல கொண்டு வந்து புள்ளக்காம்பராவுல (தோட்டத்துல சின்னப் புள்ளைகளைப் பார்த்துக்குற இடம்) வச்சுட்டு போவாரு, அவர் சொந்தக் காசு. பிறகு ஜூலையில சம்பளப் பிரச்சினைன்னு டீச்சர்மார் ஒன்லைன் கிளாஸை நிப்பாட்டுனாங்க, மூணு மாசம் கிட்ட இழுத்துச்சு, இங்க நிறைய பேர் ஏசினாங்க. நான் ஏசல. நாங்க சம்பளத்துக்கு வேல நிறுத்தம் செஞ்சா நியாயம், அவங்க செஞ்சா தப்பா?

கணக்கு மாஸ்டர்

மேல அண்ணன் எழுதினதைப் படிச்சதும் எழுதணும்போல இருந்துச்சு. நன்றி அண்ணே. அந்தச் சம்பள முரண்பாடு 1997ல இருந்து இழுத்துக்கிட்டு வந்தது, ஒரே நாள்ல வந்த கோவம் இல்ல.

நான் தோட்டத்துல பிறந்து ஏஎல் முடிச்சு ஆசிரிய உதவியாளரா உள்ள வந்தவன். ஆயிரக்கணக்குல எங்களை ஒரே தடவையில எடுத்தாங்க, கொடுப்பனவு மாசம் 6000 ரூபா. 6000! பிறகு 10000 ஆக்குனாங்க, பிறகு ட்ரெய்னிங் முடிச்சு போராட்டம் அது இதுன்னு போயி சேவைக்குள்ள வந்தோம். அந்தக் காலத்துல பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டுலதான் காசு, அம்மா கொழுந்து எடுத்த காசுல நான் டீச்சரா இருந்தேன். அதனால தங்கச்சியோட அண்ணனுக்கு சொல்லுங்க, சம்பளத்துக்கு வேலை செய்றாங்கன்னா அந்தச் சம்பளம் எவ்வளவுன்னும் கேக்கச் சொல்லி. ஆனா "சேவை", "அர்ப்பணிப்பு"ன்னு எங்களை மேடையில தூக்கி வைக்கிறப்பவும் எனக்கு உள்ளுக்குள்ள எரியும், அந்த வார்த்தைக்குப் பின்னாலதான் 6000ஐ மறைச்சு வச்சாங்க.

சரி, புள்ளைங்க எனக்கு என்ன குடுக்குறாங்க. பேனை வேணாம் தங்கச்சி, என்கிட்ட டப்பா நிறைய இருக்கு. எனக்கு வேணும்னது ஒண்ணே ஒண்ணு, "விளங்கல சேர்"ங்கிற சத்தம். நம்ம புள்ளைங்க மரியாதைன்னு நினைச்சு வாயே திறக்க மாட்டாங்க, 35 பேரும் விளங்கின மாதிரி தலையாட்டுவாங்க, ஹோம்வேர்க் கொப்பியில எல்லாருக்கும் ஒரே விடை, ஒரே பிழை, அதே இடத்துல அதே வெட்டு. யாரு யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு நான் சிஐடி வேலை பார்க்கணும். அரையும் மூணுல ஒண்ணும் கூட்டினா அஞ்சுல ரெண்டுன்னு தரம் 10ல எழுதுற புள்ளைக்கு, பிழை தரம் 10ல இல்ல, அது தரம் 5லயே விட்டுப் போனது, அவன் வாயைத் திறந்தாத்தானே எனக்குத் தெரியும். கணிதம் போனா பிறகு சாதாரணமா ஏஎல் வாசல் மூடிடும், 13 வருசக் கல்வின்னு தொழிற்பாட வழி ஒண்ணு 2017க்குப் பிறகு வந்திருக்கு, அது எல்லா ஸ்கூல்லயும் இல்ல.

ஒரு புள்ள ஒருநாள் வாயைத் திறந்துச்சு. சதவீதம் படிப்பிச்சுக்கிட்டு இருக்கேன், புத்தகத்துல வர்ற மாதிரி கடையில 20 வீத கழிவுன்னு கணக்கு. "சேர், வீட்டுல இப்படி ஒண்ணு இருக்கு, எனக்கு விளங்கல"ன்னு அடுத்த நாள் அம்மாவோட சம்பளத் துண்டைக் கொண்டாந்துச்சு. அதுல ஈபிஎஃப், அதாவது சேமலாப நிதிக்கு, 8 வீதம் வெட்டியிருக்கு, சங்கத்துக்கு சந்தா, கோயிலுக்கு, முன்பணம்னு வரிசையா வெட்டு. நான் அந்தப் பேரை மறைச்சுட்டு போர்டுல போட்டேன். எல்லாரும் நிமிர்ந்துட்டாங்க, வாழ்க்கையில முதல் தடவையா 35 பேரும் கணக்கு போட்டாங்கன்னு சொல்லலாம். தோட்டம் தன் பக்கத்துல இருந்து 12 வீதம் போடணும்னு சொன்னப்ப "அது துண்டுல எங்க சேர்"னு கேக்குறாங்க. கொழுந்து நிறுக்குற இடத்துல தண்ணிக்கும் கூடைக்கும்னு கிலோ கழிக்கிறதையும் அவங்களே கணக்கா கொண்டாந்தாங்க, ஒரு நாளைக்கு ரெண்டு கிலோ போனா மாசத்துக்கு எவ்வளவு, வருசத்துக்கு எவ்வளவுன்னு.

ரெண்டு வாரம் கழிச்சு தோட்டத்து ஒபிசுல இருந்து பேச்சு வந்துச்சு, மாஸ்டர் புள்ளைகளுக்கு என்ன படிப்பிக்கிறாருன்னு. தரம் 10 சதவீதம்னு சொன்னேன், பாடத்திட்டத்தைக் காட்டினேன், அதுக்கு மேல ஒண்ணும் பேசல.

எனக்குக் கிடைச்சது அந்தத் துண்டு. இப்ப எல்லா வருசமும் அந்தப் பாடத்தை அதுலதான் ஆரம்பிக்கிறேன். பழைய சோக்பீஸ் சேர் சொன்ன கான் கதையும் இதுவும் ஒண்ணுதான், புள்ளைங்க வீட்டுல இருந்து ஒண்ணைக் கொண்டாந்து குடுக்குறாங்க, நாங்க அதுக்கு புத்தகத்துல இருக்குற பேரை வைக்கிறோம். ஆனா சேர், உங்களுக்கு அப்படி ஒருத்தன் எழும்பினான், எனக்கும் ஒருத்தி. எழும்பாம போனவங்க எத்தனை பேருன்னு யோசிச்சா தூக்கம் வராது. நல்லா எழும்பிப் பேசுற புள்ளைய அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் ரிசல்ட்டோட டவுன் ஸ்கூல் வேற கூட்டிட்டு போயிடுது.

பழைய சோக்பீஸ்

மாஸ்டர், சம்பளத் துண்டு பாடம் அருமை. எங்க காலத்துல அதைச் செஞ்சிருந்தா தொரை ஸ்கூல் கூரைத் தகரத்தையே கழட்டியிருப்பாரு.

பனிமூட்டம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மிஸ், நீங்க எழுதினதை கிளாஸ்ல படிச்சுக் காட்டினேன், ரிலீஃப் பீரியட் விசயத்துக்கு எல்லாரும் கை தட்டினாங்க, ஏன்னா இந்தத் தவணை தரம் 7 வரலாறு நான்தான் எடுக்குறேன்! அதை நான் குடுத்ததா நினைக்கவே இல்ல, மிஸ் போகச் சொன்னாங்க போனேன். ஆனா தரம் 7க்கு சொல்லிக் குடுக்குறப்பதான் எனக்கே அந்தப் பாடம் ஒழுங்கா விளங்குச்சுங்கிறதும் உண்மை, அதை எந்தப் பக்கத்துல எழுதுறதுன்னு தெரியல.

இப்ப பேச்சுல கான் கதை, சம்பளத் துண்டு, ரிலீஃப், அங்கிள் சொன்ன ஞாயித்துக்கிழமை மீட்டிங் நாலும் இருக்கு, படிச்சுப் பார்த்தா ஒன்பது நிமிசம் வருது. ரிலீஃபை எடுக்கவா, மீட்டிங்கை எடுக்கவா? பேச்சை முதல்லயே பிரின்சிபல்கிட்ட காட்டணுமாம்.

வாடைக்காத்து

ரெண்டையும் எடுக்காதேங்கோ பிள்ளை. நன்றியுரையைச் சுருக்கச் சொல்லுங்கோ.

கோணர்சீட்

காட்டுறப்ப முதல் பக்கத்துல ஒரு மெழுகுவர்த்தி போட்டுக் காட்டு தங்கச்சி, ரெண்டாம் பக்கம் யாரும் திருப்ப மாட்டாங்க.